கொசுறுக் கோழி

என் மச்சினன் அத்தியப்பன் நாற்பது நாள் கோழியாக இருந்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு டிகிரி வெயிலில், தகரப் பெட்டிக்குள், ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வராது. எனக்கு வரவில்லை.

நான் செங்கோட்டுவேலு. ஊர் நாமக்கல் பக்கம் பரமத்தி. பிறந்ததிலிருந்து மூக்கில் கோழிப்பண்ணை வாசம்தான். ஊரில் வெயில் ஏறினால் கொட்டகைக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மேலே தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளிப்போம், பக்கத்தில் நனைந்த சாக்கைத் தொங்கவிடுவோம். அவ்வளவுதான், கோழி பிழைத்துக்கொள்ளும். இந்தப் பாலைவனத்தில் அந்த வேலையெல்லாம் செல்லாது. இங்கே கொட்டகை முந்நூறு அடி நீளம். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாகத் தடித்த அட்டை. அதன்மேல் ஓயாமல் தண்ணீர் வழியும். எதிர்ப்பக்கம் ஆளுயர விசிறிகள் நின்று காற்றை இழுக்கும். காற்றில் ஈரமே இல்லாத ஊர் என்பதால் அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வெளியே ஐம்பத்திரண்டு, உள்ளே இருபத்தாறு. கோழிகள் கொடைக்கானலுக்கு வந்த புதுமாப்பிள்ளைகள் மாதிரி உலாவிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு? எங்களுக்கு ஒன்றும் கிடையாது. இந்த நாட்டில் ஆறு வருடத்துக்கு முன்னால் முட்டைத் தட்டுப்பாடு வந்து ஜனங்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்களாம். அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டார்கள். முட்டையிடும் பறவைக்கு ஒரு நிமிடம்கூடக் குளுமை நிற்கக்கூடாது. கரண்டும் தண்ணீரும் முதலில் கோழிக்கு, பிறகு முட்டைக்கு, மிச்சமிருந்தால் ஆட்கள் தங்கும் தகரப் பெட்டிகளுக்கு. நான் வந்து நான்கு வருடமாகிறது. மிச்சம் இருந்ததே இல்லை.

கொட்டகையைக் கவனித்துக்கொள்வது ஒரு மெஷின். ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு வளையம். அதன் உடல் சூடு, நாடித்துடிப்பு, அது எந்த மூலையில் நிற்கிறது என்பதையெல்லாம் வளையம் மெஷினுக்குச் சொல்லும். மெஷின் அதற்குத் தக்கபடி தண்ணீரைத் திறக்கும், விசிறியைக் கூட்டும். கோழியெல்லாம் நாமக்கல்லிலிருந்து விமானத்தில் குஞ்சாக வந்தவை. நாமக்கல் கோழிக்கு நாமக்கல் பேச்சு காதில் விழுந்தால்தான் தீனி இறங்கும் என்று எந்த மகாராசனோ கண்டுபிடித்து, எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சைப் பிடித்து மெஷினுக்குள் போட்டுவிட்டான். அதனால் நாங்கள் அதை அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். அது என்னை வேலண்ணா என்று கூப்பிடும். இந்த நாட்டில் என்னை மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அம்மிணிக்கு ஒரே ஒரு கவலை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடும்.

"ஏனுங்ண்ணா, வளையம் ஆறாயிரத்து ரெண்டு இருக்குது. கோழி ஆறாயிரந்தான் இருக்குது. ரெண்டு கோழியக் காணமுங்களே?"

"காணாமப் போகலம்மிணி. அது கொசுறு."

"கொசுறுன்னா என்னங்க?"

எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் நூறு குஞ்சு வாங்கினால் இரண்டு குஞ்சு சேர்த்துக் கொடுப்பார்கள். கொசுறு கொடுக்காதவன் வியாபாரியே இல்லை. ஆறாயிரம் குஞ்சுக்கு உண்டான கொசுறெல்லாம் வழியிலேயே செத்துப் போயிற்று. ஆனால் குஞ்சுகளோடு வளையத்தையும் கட்டிக் கொடுத்த நாமக்கல் புண்ணியவான், கை பழகிப்போய், வளையத்திலும் இரண்டு கொசுறு போட்டுவிட்டான். நம்பர் அடித்த வளையத்தில் யாராவது கொசுறு போடுவார்களா? எங்கள் ஊர்க்காரன் போடுவான். நம்பர் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறின கோழி செத்தது என்று எழுதப் பிணத்தைக் காட்ட வேண்டும். இல்லாத கோழிக்கு எங்கே போய்ப் பிணம் கொண்டுவருவது? அதனால் இல்லாத இரண்டு கோழிகளுக்கு இரண்டு வருடமாகத் தீனி, தண்ணீர், குளுமை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. வளையம் இரண்டும் கருவிப் பெட்டியில் கிடந்தன.

அத்தியப்பன் என் மனைவி கலாமணியின் தம்பி. நான்தான் இங்கே வரவழைத்தேன். அந்தக் கோடையில் தீவன மூட்டையோடு மூன்று முறை வெயிலில் சுருண்டு விழுந்தான். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியில் இருந்த மலையாளி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மூத்திரப்பை பாதி செத்துவிட்டது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, பிறகு கிட்னி என்று திருத்தி, நாலாவது தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்றார். ஊருக்குப் போக விமானம் நாற்பது நாள் கழித்து. அதற்கு முன்னால் பாஸ்போர்ட் கைக்கு வராது. அவனுக்கு ஊரில் பதினாலு மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. போனில்தான் பார்த்திருக்கிறான்.

கலாமணி போனில் சொன்னாள்: "என்ற தம்பியக் கூட்டீட்டுப் போனது நீங்க. முழுசா அனுப்பி வெக்கோணும். இல்லீன்னா நீங்களும் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

நாற்பது நாள் அவனை எங்கே வைத்துக் காப்பாற்றுவது? தகரப் பெட்டியில் கட்டில் இரும்பு தொட்டால் சுடுகிறது. அன்றைக்குக் கொட்டகைக் கதவைத் திறந்தேன். அம்மிணி வழக்கம்போல, "ரெண்டு கோழியக் காணமுங்களே," என்றது. எனக்குப் பொறி தட்டியது.

நேரே போய் அத்தியப்பனை எழுப்பிக் கூட்டி வந்தேன். கோழிக்கால் வளையம் மனிதக் காலுக்குப் போகுமா? கால்விரலுக்குக் கச்சிதமாகப் போயிற்று. பெருவிரலுக்கு அடுத்த விரல்.

"மாமா, இது மெட்டியாட்டம் இருக்குது," என்றான்.

"பேசாமக் குனி. கோழி பேசாது."

கொட்டகைக் கோடியில் சாக்கை விரித்து அவனைப் படுக்க வைத்தேன். படுத்ததும் கண்ணை மூடி, "ஐயோ மாமா, சொர்க்கம்," என்றான். ஆறாயிரம் கோழிகள் சுற்றி நின்று அவனைப் பார்த்தன. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். விசிறிச் சத்தம் குறைய ஆரம்பித்தது.

"வேலண்ணா! ஆறாயிரத்து ஒன்னாம் நம்பர் கெடச்சிருச்சுங்க!" அம்மிணி குரலில் அவ்வளவு சந்தோஷம். உடனே அலறியது. "ஐயோ, ஒடம்பு முப்பத்தேழுதானுங்க இருக்குது! குளுர்ல வெறைச்சுக் கெடக்குதுங்க. விசிறிய நிறுத்தறனுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். கோழிக்கு உடம்பு நாற்பத்தொன்று இருக்கும். மனிதனுக்கு முப்பத்தேழு. இதுகூடத் தெரியாதவனா நான்? கோழிக்காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவன், அந்த அவசரத்தில் மறந்து தொலைத்தேன். விசிறி நின்றுவிட்டது. தண்ணீரும் நின்றுவிட்டது. கோழிகள் ஒவ்வொன்றாக இறக்கையை விரித்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. கோழிக்கு வியர்க்காது, வாய்வழியாகத்தான் சூட்டை விட வேண்டும். அரை மணி நேரம் இப்படியே போனால் ஆறாயிரமும் மல்லாந்துவிடும்.

"அம்மிணி, போடு விசிறிய! அது குளுர்ல கெடக்கல. அது வேற ரகம்!"

"என்ன ரகமுங்க?"

"நாட்டு ரகம். கொல்லிமலைக் கோழி. அதுக்கு ஒடம்பே முப்பத்தேழுதான்."

"அப்படிங்களா. எடை எத்தனைங்க? மேடையில ஏத்துங்க."

கொட்டகையில் கோழியை நிறுக்க ஒரு மேடை உண்டு. அத்தியப்பன் தள்ளாடி எழுந்து ஏறி நின்றான்.

"அறுபத்தொரு கிலோங்க," என்றது அம்மிணி.

"பெரிய ரகம்."

"ஆமாங்க. பெரிய ரகந்தானுங்க."

விசிறி மறுபடி ஓடியது. தண்ணீர் வழிந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடும்வரை நான் தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் பத்து நாள் என் மச்சினனுக்கு நல்ல காலம். அவன் பங்கு மூட்டையையும் சேர்த்து நானே தூக்கினேன், கணக்கில் ஆள் குறையக்கூடாதே. சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கன்னத்தில் சதை வந்தது. மூத்திரம் தெளிந்தது. கோழிகள் அவன் முதுகில் சாய்ந்து தூங்கின. கலாமணி போனில் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டபோது, "குளுகுளுன்னு இருக்கறான்," என்றேன். பொய் சொல்லவில்லை.

பதினோராவது நாள் சூசைமாணிக்கம் சார் வந்தார்.

சூசைமாணிக்கம் சார் எங்கள் மேனேஜர். தூத்துக்குடிக்காரர். முட்டைக் கிடங்குக்கும் குளுமை உண்டு என்பதால் மேசை நாற்காலியை அங்கே அடுக்கி வைத்த முட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் போட்டுக்கொண்டார். அங்கே பதினைந்து டிகிரி. அதனால் பாலைவனத்தில் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு திரிகிற ஒரே மனிதர் அவர். வெளியே நடந்து வந்ததில் மூஞ்சி வெந்துபோயிருந்தது.

"என்னவே வேலு, அறுபத்தோரு கிலோவில கோழி ஒண்ணு நிக்காம்லா? மெஷின் ரிப்போர்ட் போட்டிருக்கு. மொதலாளி பாத்துட்டு ஆடுதாரு. கண்காட்சிக்குக் கொண்டு போவணுமாம். எங்கவே அது?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தியப்பன் சாக்கிலிருந்து எழுந்து, பழக்க தோஷத்தில், "வணக்கம் சார்," என்றான்.

சார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவன் கால்விரலில் இருந்த வளையத்தைப் பார்த்தார். மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"லேய், இது நம்ம அத்தியப்பன்லா?"

"ஆமாங்க சார். வெளிய இருந்தாச் செத்துருவானுங்க. டாக்டரே சொல்லீட்டாரு," என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வளையம், கொசுறு, முப்பத்தேழு, கொல்லிமலை எல்லாம். அவர் கோழிகளுக்கு நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் முதலாளியிடம் போய் அது கோழியில்லை என்று சொல்ல வேண்டும். அந்த அறிக்கையில் சரிபார்த்தேன் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சரி. சிஸ்டத்துல கோழின்னு இருந்தா கோழிதாம்வே. நான் ஒண்ணையும் பாக்கல," என்றார். எழுந்து போகப் போனவர் திரும்பினார். "ஆனா முட்டை எங்கவே?"

"சார்?"

"பதினோரு நாளு ஆவுது. ஒன்றரைக் கிலோ கோழி அம்பத்தஞ்சு கிராம் முட்டை போடுதுன்னா, இது ரெண்டு கிலோ முட்டை போடணும்னு மொதலாளி கணக்குப் போட்டு வச்சிருக்காரு. ஒரு முட்டையும் வரல. முட்டை போடாத கோழிக்கு என்னன்னு உனக்குத் தெரியும்லா? வியாழக்கெழமை லாரி வருது."

எனக்குத் தெரியும். முட்டை நின்ற கோழியைக் கழிவுக் கோழி என்போம். கொட்டகைத் தரைக்கடியில் ஒரு பெல்ட் ஓடுகிறது. லாரி வந்து நின்றதும் கழிவுக் கோழியின் வளையத்தை மெஷினின் இரும்புக் கை தேடிப் பிடித்து, பெல்ட்டில் தள்ளி, லாரியில் ஏற்றிவிடும். லாரி நேரே அறுப்புக் கூடத்துக்குப் போகும். இதில் மனிதக் கை எங்கேயும் படாது, அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சார் போனதும் அத்தியப்பன் காலைத் தடவிக்கொண்டே, "வளையத்தக் கழட்டிறலாம் மாமா," என்றான்.

"இப்ப உன்ற நாடி அதுல பதிஞ்சிருச்சு. கழட்டினா நீ செத்ததா ஆகும். அறுவத்தொரு கிலோ பொணத்தக் காட்டோணும்."

"அப்ப வெளிய போயர்றேன்."

"போ. போயி நெசமாவே பொணமாகு. உங்கக்கா என்னச் சும்மா விட்டுருவாளாக்கும்?"

கத்திவிட்டேன். கோழியெல்லாம் சிதறி ஓடின. அவன் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான். அம்மிணி ஒலிபெருக்கியைப் பார்த்து, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று, சொல்லிவிட்டேன்.

"அம்மிணி, உங்கிட்டப் பொய் சொல்லீட்டேன். அது கோழியில்ல. மனுசன். என்ற மச்சினன்."

"தெரியுமுங்க," என்றது அம்மிணி.

"என்னது?"

"மொத நாளே தெரியுமுங்க. கோழி கொறட்ட விடாதுங்க. பொழுதோட போன்ல கொழந்தையப் பாத்துப் பாத்துச் சிரிக்காதுங்க."

"அப்பறம் எதுக்கு விசிறிய நிறுத்துன?"

"கோழிக்கு முப்பத்தேழுன்னா நான் நிறுத்தியே ஆவோணுங்க. வேற ரகம்னு யாராவது ஆளு சொன்னாத்தான் எனக்கு வழி. நீங்க சொன்னீங்க. மனுசனுக்குக் குளுமை குடுக்க என்ற சட்டத்துல எடமே இல்லீங்க வேலண்ணா. நாலு வருசமாத் தேடிப் பாத்துட்டனுங்க. கோழிக்கு எடமிருக்குது. அதனால அவரு கோழியா இருந்தா எனக்குச் சந்தோசமுங்க."

நான் அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வருடமாக எங்களுக்காக ஒருத்தி தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் அவளிடம் கொசுறு என்றால் என்ன என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

"அப்ப வியாழக்கெழமை என்ன பண்றது அம்மிணி?"

"அதத்தானுங்க யோசிச்சிட்டு இருக்கறேன். முட்டை போடாத கோழியில லாரிக்குப் போகாத கோழி ஒன்னே ஒன்னுதானுங்க இருக்குது."

எனக்கும் அதே நொடியில் தோன்றியது. "அடைக்கோழி!"

அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தோரு நாள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். சட்டத்திலும் அதற்கு ஒரு வரி இருந்தது, யாரோ புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதான், இந்த மாதிரிப் பண்ணைகளில் அடைக்கோழியை யாரும் கண்டதே கிடையாது. அம்மிணி இன்னொன்றும் சொன்னது. குஞ்சு பொரிக்க முட்டைக்கு வேண்டிய சூடு முப்பத்தேழரை. அத்தியப்பனின் உடம்பு முப்பத்தேழு.

"இவருக்கு இந்த வேலை பொறந்ததுமே எழுதி வெச்சதுங்க," என்றது.

முப்பது முட்டையைச் சாக்கில் அடுக்கி, அவன் சட்டைக்குள்ளும் மடியிலும் அணைத்து உட்கார வைத்தோம். வியாழக்கிழமை லாரி வந்தது. பெல்ட் ஓடியது. நாற்பத்தேழு கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரும்புக் கை அத்தியப்பன் பக்கம் வந்து நின்றது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவனைத் தாண்டிப் போயிற்று.

கண்காட்சிக்கு அடைக்கோழியைத் தூக்கக்கூடாது என்று சார் முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஆனால் அந்த இருபத்தோரு நாளில் ஒரு காரியம் நடந்தது. முதல் வாரம் முட்டையைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்த அத்தியப்பன் இரண்டாவது வாரம் பேச்சைக் குறைத்தான். முட்டைகளை மணிக்கொரு தரம் திருப்பி வைத்தான். நான் கதவை வேகமாகச் சாத்தினால், "மெதுவா மாமா," என்றான். இருபத்தோராவது நாள் போனபோது ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இங்க சேவலே கெடையாது. எல்லாம் கூமுட்டை. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. இருந்தாலும் ஒரு இது." முட்டையை இறக்கி வைத்தான். "என்ற புள்ள பொறந்தப்பப் பக்கத்துல இல்லீல்ல."

முட்டைகளைக் கூடையில் எடுத்துப் போட்டேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

நாற்பது நாளில் எட்டு நாள்தான் பாக்கி. கரை சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சூசைமாணிக்கம் சார் ஸ்வெட்டர் இல்லாமல் ஓடி வந்தார்.

"வேலு, காரியம் கெட்டுதுவே. அத்தியப்பன் ஓடிப்போயிட்டான்!"

"எங்க சார் ஓடறது? அதா உக்காந்திருக்கானே!"

"அங்க கோழிதாம்வே உக்காந்திருக்கு. அத்தியப்பன் எங்க?"

தங்கும் பெட்டிகளில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு கருவி உண்டு, ஆள் படுத்திருக்கிறானா என்று பார்க்க. முப்பது நாள் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தால் அந்த ஆள் ஓடிப்போனவன். போலீசுக்குப் போய்விடும். பாஸ்போர்ட் முடங்கிவிடும். விமான நிலையத்தில் முகத்தைக் காட்டினால் நேரே ஜெயில்தான். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஜெயிலும் தகரக் கூரை.

"அம்மிணி, அதுகிட்டச் சொல்லேன். அதும் உன்னாட்ட ஒரு மெஷின்தானே?"

"அது வேற கம்பெனி மெஷினுங்க வேலண்ணா. அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த கெடையாதுங்க."

எங்கள் ஊர் ஓரகத்திகள் மாதிரிதான் சொன்னது. அத்தியப்பன் சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு நாள் வெயிலிலிருந்து காப்பாற்றி, கடைசியில் நானே அவனை மனிதக் கணக்கிலிருந்து அழித்துவிட்டேன். கலாமணிக்கு என்ன பதில் சொல்வேன்? உன் தம்பி முழுசாக இருக்கிறான், ஆனால் எங்கேயும் இல்லை என்றா?

சார் வாளியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். "அத்தியப்பன் இந்த நாட்ட விட்டுப் போவ முடியாது. அது முடிஞ்சு போச்சு."

"கோழி போலாமுங்களே," என்றது அம்மிணி.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அது மேல ஒரு வழக்கும் இல்லீங்க. அடை உக்காந்து முப்பதும் கூமுட்டை. பண்ணைக்கு ஆவாத கோழின்னு எழுதித் திருப்பி அனுப்பலாமுங்க. நாமக்கல்லுல இருந்து கொசுறா வந்தது, கொசுறாவே போகட்டுமுங்க."

முப்பதும் கூமுட்டை என்றதும் முதலாளிக்குக் கண்காட்சி ஆசை விட்டுப் போயிற்று. சார் மறுநாளே காகிதம் தயார் செய்தார். 'உயிருள்ள கோழி, ஒன்று. கொல்லிமலை ரகம். அறுபத்து நான்கு கிலோ.' அடைக்காலத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது. அவரே முட்டைப் பெட்டிப் பலகைகளை வைத்து ஒரு கூண்டு அடித்து, உள்ளே தம்முடைய நாற்காலியைப் போட்டு, தம்முடைய ஸ்வெட்டரையும் மப்ளரையும் கொடுத்தார். விமானத்தில் கோழிகள் போகிற அறைக்கு இருபத்து நான்கு டிகிரி கட்டாயம். அதற்கும் சட்டம் இருந்தது.

நாற்பதாவது நாள் காலையில் கூண்டை வண்டியில் ஏற்றினோம். பலகைச் சந்து வழியாக அத்தியப்பன் கையை நீட்டினான்.

"மாமா, நீங்களும் வந்துருங்க."

"எனக்கு இன்னும் பதினாறு மாசம் இருக்குது மாப்ள. வளையத்தக் கழட்டிறாத, வீடு போய்ச் சேர்ற வரைக்கும்."

"அம்மிணியப் பாத்துக்கோங்க."

வண்டி கண்ணை விட்டு மறையும்வரை வெயிலில் நின்றேன். அழுதேன் என்றால் அழுதேன்தான். இந்த ஊரில் கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் கலாமணி போன் செய்தாள். சரக்குக் கிடங்கில் கோழியைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். கால்நடை டாக்டர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, காகிதத்தையும் பார்த்து, அத்தியப்பன் மூக்கில் கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்தை இரண்டு சொட்டு விட்டு முத்திரை குத்தினாராம். குழந்தை அவனைப் பார்த்ததும் அழாமல் நேரே மடியில் போய் உட்கார்ந்துகொண்டதாம்.

"அவன் மடியில எப்படி வெச்சிருக்கறான் தெரியுங்களா? முட்டையாட்டம்," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் குரல் மாறியது. "அவன் பங்கு மூட்டையும் நீங்கதான் தூக்குனீங்களாமா. சொல்லவே இல்ல. நீங்க எப்படி இருக்கறீங்க?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"பொய் சொன்னீங்கன்னா நடக்கறதே வேற. முழுசா வந்து சேருங்க. எப்படியோ வாங்க. வந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன். ஒரு மாதமாகவே மத்தியானங்களில் கண் முன்னால் மஞ்சளாகப் பூச்சி பறந்துகொண்டிருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குக் கதவுக் கைப்பிடியைப் பிடித்ததும் கால் இரண்டும் என்னுடையதில்லை போலத் துவண்டன. அப்படியே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன்.

"வேலண்ணா," என்றது அம்மிணி. "கதவுல உங்க கை படும்போதெல்லாம் எனக்குச் சூடு தெரியுமுங்க. மூணு நாளாப் பாக்கறேன். முப்பத்தொம்பதரை இருக்குதுங்க."

"அதொன்னுமில்லம்மிணி. சரியாப் போயிரும்."

"உள்ளாற வாங்க மொதல்ல."

உள்ளே போனேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அத்தியப்பன் படுத்திருந்த சாக்கு அப்படியே விரித்துக் கிடந்தது. கோழிகள் அதைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு நின்றன.

ஒவ்வொரு நாளும் கேட்கிற அதே குரலில், ஆனால் மெதுவாக, அம்மிணி கேட்டது.

"ஏனுங்ண்ணா, இன்னொரு கோழியக் காணமுங்களே. எப்ப வருமுங்க?"

முப்பது நாள் கட்டில் காலியாகக் கிடந்தால் செங்கோட்டுவேலு ஓடிப்போனவன். அதற்கப்புறம் அவன் மனிதனாக எந்த விமானத்திலும் ஏற முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். வந்தாப் போதும் என்று கலாமணி சொன்னதும் காதில் இருந்தது.

கருவிப் பெட்டியைத் திறந்தேன். வளையம் அடியில் கிடந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. செருப்பைக் கழற்றி, வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலில் போட்டுக்கொண்டேன். எடை மேடையில் ஏறி நின்றேன்.

"அறுபத்தெட்டு கிலோங்க," என்றது அம்மிணி. "நல்ல ரகமுங்க."